ஈ, தா, கொடு: ஆங்கில வாக்கியத்தில் சொல்லைத் தேர்வது குறித்துச் சில குறிப்புகள்

1

புதுச்சேரியில் ஒரே நிகழ்வுக்கு நான்கு ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன. 'மெர்ஜர்' என்கிறார்கள், 'ட்ரான்ஸ்ஃபர்' என்கிறார்கள், 'செஷன்' என்கிறார்கள், 'லிபரேஷன்' என்கிறார்கள். மேடையில் ஒன்று, அரசு அழைப்பிதழில் இன்னொன்று, ஒப்பந்தப் பிரதியில் வேறொன்று. தமிழில் பெரும்பாலும் 'இணைப்பு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம், சமயத்தில் 'விடுதலை'. எதைப் போட்டாலும் விஷயம் புரிந்துவிடுகிறதே, அப்புறம் என்ன என்று தோன்றலாம். புரிகிறது, உண்மைதான். ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு கதைகளைச் சொல்கின்றன. யார் எதைச் செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்பது ஒவ்வொரு சொல்லிலும் மாறிப்போகிறது.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? நம்மில் பலரும் தமிழ்வழியில் படித்து, தமிழில் எழுதி, அவசரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனுவோ அறிக்கையோ தயாரிக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள். உண்மை அறியும் குழு போய்விட்டு வருகிறது. அறிக்கை தமிழில் எழுதப்படுகிறது. மனித உரிமை ஆணையத்துக்கும் தில்லிக்கும் அனுப்ப ராத்திரியோடு ராத்திரியாக ஆங்கிலத்தில் பெயர்க்கிறோம். இலக்கணப் பிழை வந்துவிடக் கூடாது என்பதில் இருக்கும் பதற்றம், சொல்லைத் தேர்வதில் இருப்பதில்லை. அகராதியில் முதலில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். 'இஸ்' வர வேண்டிய இடத்தில் 'வாஸ்' வந்துவிட்டால் படிக்கிற அதிகாரி லேசாகச் சிரிப்பார், அவ்வளவுதான். ஆனால் 'அட்டாக்' வர வேண்டிய இடத்தில் 'க்ளாஷ்' வந்துவிட்டால் அடித்தவனும் அடிபட்டவனும் ஒன்றாகிவிடுவார்கள். அந்தத் தவறைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். யார் கண்ணிலும் அது படாது என்பதுதான் காரணம்.

ஒரு வாக்கியத்துக்குச் சரியான சொல்லை அந்த வாக்கியத்தில் இருக்கும் உறவுகள்தான் தீர்மானிக்கின்றன. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே. எங்கள் ஊரின் கதையை வைத்தே இதை விளக்கிப் பார்க்கிறேன்.

2

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தொல்காப்பியம் எச்சவியலில் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கான மூன்று சொற்கள் வருகின்றன: ஈ, தா, கொடு. பொருள் என்னவோ மூன்றுக்கும் ஒன்றுதான். ஆனால் கேட்பவன் கொடுப்பவனைவிடத் தாழ்ந்தவன் என்றால் 'ஈ' என்று கேட்க வேண்டும், சமமானவன் என்றால் 'தா', உயர்ந்தவன் என்றால் 'கொடு'. கிளவியாக்கத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. 'கொடு' படர்க்கைச் சொல்லாக இருந்தும், உயர்ந்தவன் தன்னையே வேறொருவன்போல வைத்து அதைச் சொல்கிறான் என்பதையும் தொல்காப்பியர் கவனித்துச் சொல்லிவிடுகிறார்.

ஒரே பொருள் தரும் சொற்கள் என்று நாம் நினைப்பவற்றுக்கு இடையில் ஒரு சமூகமே உட்கார்ந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 1916-இல் வெளியான சசூரின் மொழியியல் பாடங்களில் இதே விஷயம் வேறு விதமாக வருகிறது. பயத்தைக் குறிக்கும் மூன்று பிரெஞ்சுச் சொற்களை அவர் எடுத்துக்கொள்கிறார். அவற்றில் ஒவ்வொன்றின் மதிப்பும் மற்ற இரண்டும் பக்கத்தில் இருப்பதால்தான் கிடைக்கிறது; ஒன்று இல்லாமல் போனால் அதன் உள்ளடக்கம் மற்றவற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார். லாகூரில் சில ஆண்டுகள் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜே.ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர், ஒரு சொல்லை அது சேரும் கூட்டாளிகளை வைத்தே அறிய வேண்டும் என்றார். 1929-இல் வொலோஷினோவ் இன்னும் ஒரு படி மேலே போய், குறியே வர்க்கப் போராட்டத்தின் களம் என்றார்.

தொல்காப்பியரையும் இவர்களையும் ஒன்றாகக் கட்டிவிடுவது என் நோக்கமல்ல. ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. தொல்காப்பியத்தில் 'சரியான சொல்' என்பது இடம் தெரிந்து நடந்துகொள்வது. தாழ்ந்தவன் 'ஈ' என்றுதான் கேட்க வேண்டும். நமக்கு அது கட்டளை ஆகாது. ஆனால் எந்தச் சொல் யாரை எங்கே நிற்க வைக்கிறது என்ற அறிவு நமக்கு வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால்தான் நிற்க வைத்த இடத்தில் நிற்க மறுக்கவும் முடியும்.

3

இப்போது அந்த நான்கு சொற்களுக்கு வருவோம். இவையும் கொடுக்கல் வாங்கல் சொற்களே.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. இதற்குச் சரியான ஆங்கிலச் சொல் 'ட்ரான்ஸ்ஃபர்'. நிர்வாகத்தை ட்ரான்ஸ்ஃபர் செய்யலாம், அதிகாரத்தை ட்ரான்ஸ்ஃபர் செய்யலாம், ஒரு குமாஸ்தாவைக்கூட ட்ரான்ஸ்ஃபர் செய்யலாம். உரிமை யாருடையது என்ற கேள்வியை அந்தச் சொல் தொடுவதில்லை. அன்றைக்குச் சட்டப்படி இறையாண்மை பிரான்சிடமே இருந்தது. 'டி ஃபாக்டோ', அதாவது நடைமுறையில், என்ற அடையை முன்னால் போடுவது அதனால்தான்.

1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் வேறு வினைச்சொல்லைக் கையாள்கிறது: 'சீட்'. அதன் பெயர்ச்சொல்தான் 'செஷன்'. சட்டமன்றக் கூட்டத்தொடரைச் சொல்லும் செஷன் வேறு, இது வேறு. காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் ஆங்கில எழுத்தில் தொடக்கம் மாறும். 'சீட்' என்பது இறையாண்மை உடைய ஒரு தரப்பு தன் ஆட்சிப் பகுதியை இன்னொரு தரப்புக்கு விட்டுக்கொடுப்பது. எழுவாய் எப்போதும் கொடுப்பவர்தான். 'பிரான்ஸ் சீடட் பாண்டிச்சேரி டு இந்தியா' என்று எழுதலாம். 'பாண்டிச்சேரி சீடட் டு இந்தியா' என்று ஊரை எழுவாயாக்கி எழுத முடியாது. இந்த வினையில் ஊர் செயப்படுபொருளாக மட்டுமே வர முடியும். அங்கே இருக்கிற ஜனங்கள் வாக்கியத்திலேயே இல்லை. அல்ஜீரியப் போர் முடிந்த பிறகுதான், 1962 ஜூலையில் பிரெஞ்சுப் பாராளுமன்றம் இதற்கு ஒப்புதல் அளித்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதாவது 'டி ஜூரே'.

'மெர்ஜ்' என்ற வினையின் இயல்பு வேறு. அதில் ஊரே எழுவாயாக வரலாம். 'பாண்டிச்சேரி மெர்ஜ்ட் வித் இந்தியா' என்றால், கொடுத்தவர் யாரும் இல்லாமல், நதி கடலில் போய்ச் சேர்ந்த மாதிரி தானாகவே நடந்ததுபோல இருக்கிறது. சேர்ந்ததற்குப் பிறகு தனி அடையாளம் கரைந்துவிடும் என்ற சாயலும் அதில் உண்டு. 'மெர்ஜ்ட் இன்டு' என்று எழுதினால் அந்தச் சாயல் இன்னும் கூடும்.

'லிபரேட்' என்பது மூன்றாவது தரப்பைக் கொண்டுவருகிறது. யாரிடமிருந்து என்பதைச் சொல்லாமல் அந்தச் சொல் முழுமையாகாது. 'ஃப்ரம்' என்ற முன்னிடைச்சொல் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும். போராடியவர்கள் வாக்கியத்துக்குள் வருவதற்கான ஒரே கதவு இந்தச் சொல்தான். இன்று நவம்பர் 1-ஐ அரசே விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வப் பரிமாற்ற நாள். ஒரே அரசு, இரண்டு நாட்கள், இரண்டு வினைச்சொற்கள். இதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒன்று மக்களை நோக்கிப் பேசுகிறது, மற்றது சட்டத்தை நோக்கிப் பேசுகிறது. முரண்பாடு எப்போது வரும் என்றால், நீதிமன்ற மனுவில் 'லிபரேஷன்' என்று எழுதிவிட்டு, பிறந்தநாள் 1954-க்கும் 1962-க்கும் இடையில் வரும் ஒருவரின் குடியுரிமை பற்றி வாதாடும்போது வரும். அந்த எட்டு வருஷமும் சட்டத்தின் கண்ணில் 'ட்ரான்ஸ்ஃபர்' நடந்து 'செஷன்' நடக்காத காலம்.

இந்தச் சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் வைத்துக்கொள்ள சந்திரநாகூரைப் பார்த்தால் போதும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பிரெஞ்சுப் பகுதியில் 1949 ஜூனில் மக்களிடையே பொதுவாக்கெடுப்பு நடந்தது. 1950 மே மாதம் நிர்வாகம் கைமாறியது, ட்ரான்ஸ்ஃபர். 1951-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி 1952-இல் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தது, செஷன். 1954 அக்டோபர் 2 அன்று அது மேற்கு வங்காளத்தோடு சேர்க்கப்பட்டது. அதற்காக இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரில்தான் 'மெர்ஜர்' என்ற சொல் வருகிறது. அதாவது சட்ட மொழியில் அங்கே 'மெர்ஜர்' என்றால் நாட்டோடு சேர்வது அல்ல, பக்கத்து மாநிலத்தோடு கரைவது.

இந்த வேறுபாடு 1979 ஜனவரியில் எங்கள் தெருக்களில் வெடித்தது. பிரதமர் மொரார்ஜி தேசாயின் அரசு புதுச்சேரிப் பகுதிகளை அண்டை மாநிலங்களோடு சேர்க்க நினைக்கிறது என்ற செய்தி வந்ததும் ஊர் கொந்தளித்தது. கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச்சூடு என்று போனது. அதைத் தமிழில் 'இணைப்பு எதிர்ப்புப் போராட்டம்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஆன்டி-மெர்ஜர் அஜிடேஷன்'. வெளியூர் ஆங்கில வாசகர் ஒருவர், 1954-இல் 'மெர்ஜரு'க்காகப் போராடிய ஊர் 1979-இல் 'மெர்ஜரை' எதிர்த்தது என்று படித்தால் என்ன நினைப்பார்? புத்தி மாறிய ஜனங்கள் என்றோ, பிரான்சுக்குத் திரும்பிப் போக ஆசைப்பட்டவர்கள் என்றோதானே? மாறியது ஜனங்கள் அல்ல, 'வித்' என்பதற்குப் பின்னால் வரும் பெயர். 'மெர்ஜர் வித் இந்தியா', 'மெர்ஜர் வித் தமிழ்நாடு' என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் பொருளை அதன் வாலில் தொங்கும் முன்னிடைச்சொல் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4

இதிலிருந்து நடைமுறைக்கான மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுவதற்கு முன்பும் இவற்றைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

முதல் கேள்வி: இந்தச் சொல்லைப் போட்டால் எழுவாய் யார்?

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சிந்திய அரசின் படையினர் துப்பாக்கிச்சூடு நடத்தினார்கள். 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். 'ட்வெல்வ் ஒர்க்கர்ஸ் டைட்' என்றால் செத்தார்கள், அவ்வளவுதான், காய்ச்சலில்கூடச் செத்திருக்கலாம். 'வேர் கில்ட்' என்றால் ஏதோ ஒன்று கொன்றது, விபத்தாகவும் இருக்கலாம். 'வேர் ஷாட் டெட்' என்றால் துப்பாக்கி வந்துவிட்டது, அதைப் பிடித்த கை வரவில்லை. 'ட்ரூப்ஸ் ஷாட் ட்வெல்வ் ஒர்க்கர்ஸ் டெட்' என்று எழுதும்போதுதான் கையும் வருகிறது. இவற்றில் எந்த வாக்கியத்திலும் பொய் இல்லை. ஆனால் எவ்வளவு உண்மையை ஒவ்வொன்றும் உள்ளே விடுகிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

தமிழில் 'துப்பாக்கிச்சூட்டில் பலி' என்ற தலைப்புக்குப் பழகிப்போன நமக்கு இது உறைப்பதே இல்லை. 'பலி' என்றால் யாரோ யாருக்கோ கொடுத்தது. கொடுத்தவர் பெயர் மட்டும் தலைப்பில் வராது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கோபத்தில் 'மர்டர்' என்று எழுதிவிடுவது வேறொரு கண்ணி. 'மர்டர்' சட்டச் சொல். கொல்லும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அப்படி எழுதினால் எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுவதையும் ஆட்டிவிடுவார். 'ஷாட் டெட்' என்பதில் ஆவேசம் குறைவு, ஆனால் அதை யாராலும் அசைக்க முடியாது. உரக்கச் சொல்லும் சொல்லைவிட மறுக்க முடியாத சொல்லே நமக்குப் பல சமயம் பலம்.

இரண்டாவது கேள்வி: இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன வந்தாக வேண்டும்?

'ஃபயர்' என்ற சாதாரண வினையைப் பாருங்கள். 'தி போலீஸ் ஃபயர்ட் ஆன் தி ஒர்க்கர்ஸ்' என்றால் சுட்டார்கள். 'தி மில் ஃபயர்ட் தி ஒர்க்கர்ஸ்' என்றால் வேலையைவிட்டுத் தூக்கினார்கள். நடுவில் 'ஆன்' என்ற குட்டிச் சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் உயிரும் வேலையும் இடம் மாறுகின்றன. ஆலைத் தொழிலாளர் பிரச்சினையை எழுதுகிறவர்கள் இந்த 'ஆன்'-ஐத் தவறவிட முடியாது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சொல் 'ரெனோன்சான்'. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்த இந்தியர் ஒருவர் தம் 'தனிநபர் நிலை'யைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அப்படி வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டார்கள். இதற்கான ஆங்கில வினை 'ரினவுன்ஸ்'. 'ரிஜெக்ட்' செய்ய ஒரு பொருள் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை, பிறர் நீட்டுவதை வேண்டாம் என்பதும் 'ரிஜெக்ட்'தான். 'ரினவுன்ஸ்' செய்ய அது நம்முடையதாக இருக்க வேண்டும். அறிவித்து விட வேண்டும். ஆகவே வினை சரி. ஆனால் செயப்படுபொருள் என்ன? பலர் 'சாதியைத் துறந்தவர்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆணையின் வாசகத்தில் துறக்கப்பட்டது தனிநபர் நிலை: திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் சாதி, மத வழக்கப்படி நடத்தப்படுவது. அதைக் கையெழுத்துப் போட்டுத் துறக்க முடிந்தது. அண்டை வீட்டுக்காரர் பார்க்கிற பார்வையை அப்படித் துறக்க முடியாது. செயப்படுபொருளை மாற்றி எழுதினால், பிரெஞ்சுச் சட்டம் சாதியை ஒழித்துவிட்டது என்ற அழகான பொய்க்கு நாமே சாட்சி சொன்னவர்களாகிறோம்.

வெறுமனே 'ரினவுன்சர்' என்று எழுதினாலும் சிக்கல்தான். இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஆங்கில ஆய்வுகளில், லூயி துய்மோனுக்குப் பிறகு, அந்தச் சொல் சந்நியாசியைக் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டது. நம் ரெனோன்சான் குடும்பஸ்தர். அவர் வாக்குரிமையும் வேலையும் கேட்டு நின்றவர், காட்டுக்குப் போனவர் அல்ல. எனவே ஒற்றைச் சொல்லைத் தேடி மெனக்கெடாமல், 'தம் தனிநபர் நிலையைத் துறந்தவர்கள்' என்பதை ஆங்கிலத்தில் முழுத் தொடராக எழுதிவிடுவதே சரி. சரியான சொல் சில சமயம் நான்கு சொற்களாக இருக்கும்.

1962-க்கும் இது பொருந்தும். சொல்தா வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி, "அவுங்க பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கிட்டாங்க" என்று ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வோம். இதை அப்படியே 'அக்வயர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், இல்லாத ஒன்றை மனுப்போட்டு வாங்கினார்கள் என்று ஆகிறது. ஒப்பந்தம் சொல்வது வேறு. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாகிவிடுவார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்தால் தங்கள் பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். அதாவது 'ரீட்டெய்ன்'. 'வாங்கினார்கள்' என்பதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. 'வைத்துக்கொண்டார்கள்' என்பதில் அது இல்லை.

மூன்றாவது கேள்வி: இதை யார் படிக்கப்போகிறார்கள்?

'காலனி' என்ற சொல் நம் எல்லோருக்கும் தெரியும். தமிழ்க் கிராமத்தில் 'காலனி' என்றால் தலித் குடியிருப்பு. நகரத்தில் அதுவே அரசு ஊழியர் குடியிருப்பாக, பிளாட் போட்டு விற்ற நகராக மாறிவிடும். லண்டனிலோ ஜெனீவாவிலோ படிப்பவருக்குக் காலனி என்றால் பிரிட்டன் ஆண்ட நாடு. 'காலனி பீப்பிள் வேர் அட்டாக்ட்' என்று அறிக்கையில் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. வேடிக்கை என்னவென்றால், பிரான்சின் ஆட்சிப் பகுதியாக இருந்த எங்கள் ஊரை 1956 ஒப்பந்தம் 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்றுதான் குறிக்கிறது. காலனியாக இருந்ததற்குக் கௌரவமான பெயர். காலனியாக இல்லாததற்குக் 'காலனி' என்ற பெயர். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இந்தச் சொல்லை நீக்கப்போவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆங்கிலத்தில் எழுதும்போது 'தலித் செட்டில்மென்ட்' என்றோ, கிராமத்தின் பெயரோடு சேர்த்து 'தலித் குவார்ட்டர்' என்றோ விளக்கி எழுதுவதே நல்லது.

'அட்ராசிட்டி'யும் இப்படித்தான். இன்றைய பேச்சுத் தமிழில் 'அட்ராசிட்டி பண்றான்' என்றால் சேட்டை செய்கிறான் என்று சிரிக்கிறோம். சர்வதேசச் செய்திகளில் அது போர்க்காலக் கொடூரம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலோ அது வரையறுக்கப்பட்ட ஒரு சொல். காவல் நிலையத்துக்கு எழுதும் புகாரில் 'ஹராஸ்மென்ட்', 'இல்-ட்ரீட்மென்ட்' என்று நடை அழகுக்காகச் சொல்லை மாற்றிக்கொண்டே போகக் கூடாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் வாசிக்கச் சலிப்பாக இருக்கும் என்பது பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் பாடம். சட்டப் பிரதியில் சொல் மாறினால் பொருளும் மாறியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

5

இதெல்லாம் சொல்லாராய்ச்சி, அரசியல் எங்கே என்று நண்பர்கள் கேட்கலாம். அரசியல் இதற்குள்ளேயேதான் இருக்கிறது.

1946 பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் 'சம்மதம்' இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. 1948-இல் இந்தியாவும் பிரான்சும், மக்களே தீர்மானிப்பார்கள் என்ற அடிப்படையில் உடன்பட்டன. சந்திரநாகூரில் அது பொதுவாக்கெடுப்பாக நடந்தது. மற்ற நான்கு பகுதிகளில் நடந்தது கீழூர் வாக்கெடுப்பு. அங்கே வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள். கீழூரை ஆங்கிலத்தில் 'ரெஃபரெண்டம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தச் சொல் மக்கள் ஒவ்வொருவரும் நேரடியாக வாக்களிப்பதைக் குறிப்பது. இந்தியாவோடு சேர்ந்தது சரியா தவறா என்ற விவாதத்தை நான் இங்கே கிளப்பவில்லை. நடந்த முறைக்கு அதற்குரிய பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

1956 ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவில் சொல் இன்னும் மெலிகிறது. இப்பகுதிகளின் நிர்வாக நிலையில் பின்னால் அரசியல் சட்டரீதியான மாற்றம் செய்வதானால், மக்களின் விருப்பங்களை 'அசர்ட்டெய்ன்' செய்த பிறகு செய்யப்படும் என்கிறது அது. 'கன்சென்ட்' என்றால் சம்மதம். அது கிடைக்காவிட்டால் காரியம் நிற்கும். 'அசர்ட்டெய்ன்' என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வது. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்த வினை கட்டாயப்படுத்துவதில்லை. தமிழில் இரண்டையும் 'மக்கள் விருப்பப்படி' என்று ஒரே வாய்ப்பாட்டில் மொழிபெயர்த்துவிட்டோமானால், பத்து வருடத்துக்குள் ஒரு சொல் எப்படி இளைத்தது என்பது கண்ணுக்கே தெரியாது.

அண்மை உதாரணம் ஒன்று. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டம், மத்திய அரசு மூன்று பேருக்கு மிகாமல் சட்டமன்றத்துக்கு நியமிக்கலாம் என்கிறது. எழுவாய் 'மத்திய அரசு'. யாருடைய பரிந்துரையின் பேரில் என்ற தொடர் வாக்கியத்தில் இல்லை. 2017-இல் மத்திய அரசு நேரடியாக மூவரை நியமித்தது. புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கேட்காமல் செய்தது செல்லுமா என்று வழக்கு நடந்தது. செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வாக்கியத்தில் எழுவாய் யார், எந்தத் தொடர் விடுபட்டிருக்கிறது என்பது ஒரு சட்டமன்றத்தின் பெரும்பான்மைக் கணக்கையே தொடும் விஷயமாக இருக்கிறது.

இனி நாம் கேட்பவர்களாக நிற்கும் இடத்துக்கு வருவோம். தமிழில் 'கோரிக்கை' என்று ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'ரிக்வெஸ்ட்', 'அப்பீல்', 'டிமாண்ட்', 'க்ளெய்ம்' என்று நான்காவது உண்டு. 'ரிக்வெஸ்ட்' என்பதில் மறுக்கும் உரிமை எதிராளியிடம் இருக்கிறது. 'அப்பீல்' அவர் மனசாட்சியையோ மேல் அதிகாரத்தையோ நோக்கிப் போகிறது. 'டிமாண்ட்' செய்பவர் மறுப்பை ஏற்கத் தயாராக இல்லை. 'க்ளெய்ம்' செய்பவரோ அது ஏற்கெனவே தன்னுடையது என்கிறார். தாசில்தாருக்குப் பட்டா கேட்டு எழுதும் மனுவில் 'ரிக்வெஸ்ட்' போதும். பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்கும் மனுவிலும் 'கைண்ட்லி ரிக்வெஸ்ட்' என்று எழுதுகிறோமே, அங்கேதான் தொல்காப்பியரின் 'ஈ' நம் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்துக்கு உரிய வினை 'க்ளெய்ம்'.

அதே 'க்ளெய்ம்', இன்னொரு வாக்கியத்தில் நமக்கு எதிராகத் திரும்பும். 'தி விக்டிம்ஸ் க்ளெய்ம்ட் தட் தேர் ஹவுசஸ் வேர் பர்ன்ட்' என்று பத்திரிகையில் வந்தால், அப்படி அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பொருள். வீடு எரிந்ததே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. அடுத்த வரியில் 'தி போலீஸ் ஸ்டேட்டட்' என்று இருக்கும். ஒரு தரப்பு 'க்ளெய்ம்' செய்கிறது, மறு தரப்பு 'ஸ்டேட்' செய்கிறது. நம் அறிக்கைகளிலும் இந்த வினைகளை அப்படியே வாங்கிப் போட்டுவிடுகிறோம். பாதிக்கப்பட்டவர் சொன்னதற்கு 'ஸெட்' என்ற எளிய வினை போதும், இரு தரப்புக்கும் அதையே போடலாம். உரிமை பின்னால் வந்தால் 'க்ளெய்ம்' நம் ஆயுதம், 'தட்' பின்னால் வந்தால் நம்மேல் விழும் சந்தேகம்.

ஆங்கிலத்தில் பாண்டித்தியம் பெற்ற பிறகுதான் இதையெல்லாம் செய்ய முடியும் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. எழுவாய் யார், பக்கத்தில் என்ன வருகிறது, யார் படிக்கிறார்கள் என்ற மூன்றையும் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். செய்ய வேண்டியது ஒன்று: தமிழ் வரைவை எழுதும்போதே 'தாக்கப்பட்டனர்', 'பலியாகினர்', 'இணைக்கப்பட்டது' என்று செய்தவர் பெயரை விழுங்கும் வினைகளை அடிக்கோடிட்டு, செய்தவர் யார் என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். மூலத்தில் எழுவாய் இருந்துவிட்டால், ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவர் ஆங்கிலத்தில் அதற்கேற்ற வினையைக் கண்டுபிடித்துவிடுவார்.